மடையானின் கொழுப்பில் எழுதியிருப்பது

சிதம்பரம் வட்டார நெல்வயல்களில் ஒரு காலத்தில் பி.எச்.சி. என்னும் பூச்சிமருந்துப் பவுடர் தாராளமாகத் தூவப்பட்டது. அது மழைநீரோடு வெள்ளாற்றில் இறங்கிக் கடலுக்குப் போயிருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகமும் 1980களின் இறுதியில் சேர்ந்து ஆராய்ந்தபோது கிடைத்த விடை வேறு. போட்ட மருந்தில் ஏறக்குறைய முழுவதும் வெயிலில் ஆவியாகிக் காற்றில் கலந்திருந்தது. கழிமுகத்தை எட்டியது மிகச் சொற்பம். காற்றில் ஏறிய நஞ்சு குளிர்நாடுகள் வரை போய்ப் படியக்கூடியது. ஒரு தாலுகாவின் பூச்சிமருந்துக் கணக்கை அந்தத் தாலுகாவுக்குள்ளேயே முடிக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

நீர்ப்பறவைகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தனாபே, சுப்பிரமணியன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தென்னிந்தியப் பறவைகளை ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட முடிவின்படி, இங்கேயே வாழும் பறவைகளின் உடலில் பி.எச்.சி.தான் மேலோங்கியிருந்தது. வலசை வருபவற்றில் டி.டி.டி. பூச்சிமருந்து, பி.சி.பி. என்னும் ஆலை ரசாயனம் என்று கலவை பலவிதமாக மாறியது. வயலில் நண்டும் மீனும் பொறுக்கும் மடையானின் கொழுப்பில் அந்த வயலின் மருந்து சேர்கிறது. ஆனால் சதுப்பில் அலகைச் செருகிப் புழு தேடும் உள்ளான், வழியில் தங்கிய நாடுகளின் நஞ்சையும் சுமந்து வருகிறது. நெடும்பயணத்தில் கொழுப்பு கரையும்போது அந்த நஞ்சு மீண்டும் ரத்தத்தில் கலக்கிறது. எந்த நாட்டில் ஏறியது என்பதைத் தனியொரு ஆய்வகம் சொல்லிவிட முடியாது.

பி.எச்.சி.யைத்தான் 1997இலேயே தடை செய்தாயிற்றே என்பார்கள். உண்மைதான், அந்தத் தடை அவசியமானது. ஆனால் இவ்வகை நஞ்சு சேற்றில் பல ஆண்டுகள் தங்கும். வயலுக்கு வேறு மருந்துகளும் வந்துவிட்டன. கடலூர் சிப்காட்டின் ரசாயன ஆலைகளோ உப்பனாற்றை ஒட்டியே நிற்கின்றன. ஆகவே பறவைகளைத் தொடர்ந்து சோதிக்க வேண்டியிருக்கிறது. அதற்காகப் பறவையைக் கொன்றுதான் அறிய வேண்டுமா என்ற கேள்வி இன்னும் கனமானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. உதிர்ந்த இறகும் பொரியாத முட்டையும் இறந்து கிடக்கும் பறவையும் இன்று பல கேள்விகளுக்குப் போதும். சோற்றுக்கு வழியில்லாதபோது கொக்கைப் பற்றி ஏன் கவலை என்பவர்களுக்கு ஒன்றே பதில்: கொக்கு தின்னும் மீனும் நண்டும்தான் நம் குழம்பிலும் கொதிக்கின்றன.

பிச்சாவரம் சதுப்புக்காடு 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக, அதாவது ராம்சர் தலமாக ஆகிவிட்டது. பலகை வைத்ததோடு நின்றால் போதாது. வனத்துறையும் வேளாண்துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பல்கலைக்கழகத்தோடு உட்கார்ந்து, வீராணம் ஏரி முதல் உப்பனாறு வரை ஆண்டுதோறும் ஒரே முறையில் மாதிரி எடுக்க வேண்டும். வலசைப் பாதையில் உள்ள மற்ற நாடுகளோடு அந்த முடிவுகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அவற்றைத் தமிழில் எழுதி, கிராமசபையிலும் படித்துக்காட்ட வேண்டும்.