சேலம் விஜயராகவாச்சாரியார்

பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் பொன்விளைந்த களத்தூரில், 1852-ஆம் ஆண்டு ஒரு வைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்து, பின்னர் சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தி, அவ்வூரின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் பெற்றவர் ஸி. விஜயராகவாச்சாரியார்.

1882-இல் சேலத்தில் மூண்ட கலகத்தைத் தூண்டினார் என்று குற்றஞ்சாட்டப்பெற்று, பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட அவர், சென்னை உயர்நீதிமன்றத்தில் முறையிட்டு விடுதலை பெற்றார். அத்துடன் அமையாமல், சேலம் நகரசபை உறுப்பினர் பதவியிலிருந்து தம்மை நீக்கிய சர்க்காரின் செய்கை சட்டவிரோதமென்று இந்தியா மந்திரியின் மீதே வழக்குத் தொடுத்து, 100 ரூபாய் நஷ்டஈடும் பெற்றார். தொகை அற்பமாயினும், சக்கரவர்த்தினியின் சர்க்கார் ஒரு பிரஜையின் முன்னே சட்டத்துக்குத் தலைவணங்க நேர்ந்ததே, அதுவன்றோ அந்நாளில் அபூர்வம்!

மாகாணச் சட்டசபையிலும் மத்திய சட்டசபையிலும் பணியாற்றி, 1920-இல் ஒத்துழையாமைத் தீர்மானத்தை உறுதிசெய்த நாகபுரிக் காங்கிரஸுக்குத் தலைமை வகித்தவர் என்பதைச் சரித்திர நூல்கள் கூறும். ஆசாரம் மிகுந்த குலத்தில் தோன்றியும், விதவா விவாகத்தையும், பெண்கள் பருவமெய்திய பின்னரே விவாகம் நிகழ்வதையும், குமாரத்திகளுக்குப் பிதாவின் சொத்தில் பங்கு அளிப்பதையும் அவர் ஆதரித்தது அவற்றினும் போற்றத்தக்கது என்பேன். 1944-இல் அவர் காலமாகி நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு வழங்கும் சட்டம், 1989-இல் தமிழ்நாட்டில் அமலுக்கு வந்தது.