ஏரி மண்ணும் லவ் அலையும்

சித்தூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நிலநடுக்கத்தில் பாறைமேல் நிற்கும் வீட்டைவிட, தூர்த்த ஏரியில் கட்டிய வீடு அதிகம் ஆடுமாமே! அடியில் இருப்பது ஒரே கருங்கல்தானே?"

ஒரே கல்தான். ஆட்டத்தைக் கூட்டுவது அதன் மேலுள்ள மண்.

திருமலை மலைப்பாதையில் கிரானைட்டின் மேல் குவார்ட்சைட் அடுக்குகள் உட்கார்ந்திருப்பதைக் காணலாம். இரண்டுக்கும் இடையே பல கோடி ஆண்டு இடைவெளி. தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. ஆனால் நிலநடுக்க அலை பாறையின் வயதைப் பார்ப்பதில்லை. விறைப்பை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் குறுக்கலையின் வேகம் வந்துவிடும். இரண்டு பாறையிலும் அது நொடிக்குச் சில கிலோமீட்டர். அந்தப் புராதன எல்லையை அலை சிரமமின்றிக் கடந்துவிடும்.

மலையிறங்கி சொர்ணமுகி ஆற்று வண்டலுக்கு வந்தால் வேகம் நொடிக்குச் சில நூறு மீட்டராகச் சுருங்கும். திருமலை அடிவாரத்து அலிபிரியில் விறுவிறுவென்று வந்த கூட்டம் சோதனை வாசலில் நெருக்கியடிப்பதுபோல, அலையின் ஆற்றலும் மெதுவான மண்ணில் நெருங்கும்; வீச்சு பெருகும்.

என்னை மிகவும் கவர்ந்தது லவ் அலை. தரை பக்கவாட்டில் மட்டும் ஆடும் மேற்பரப்பு அலை இது. பூமி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருந்தால் இப்படியொரு அலை இருக்கவே முடியாது என்கிறது கணிதம். ஆனால் நிலநடுக்கமானிகள் அதைப் பதிவு செய்துகொண்டிருந்தன. வேகமான அடித்தளத்தின் மேல் மெதுவான அடுக்கு ஒன்று இருந்தால் போதும், அலை அதற்குள் சிறைப்பட்டு ஓடும் என்று 1911இல் ஆக்ஸ்ஃபோர்டு கணிதவியலாளர் ஏ.இ.எச். லவ் காட்டினார். சீரின்மைதான் அந்த அலையைப் பெற்றெடுக்கிறது.

மெதுவான மேலடுக்கின் விலையை 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரம் கொடுத்தது. நிலநடுக்க மையம் 350 கி.மீ.க்கு அப்பால். ஆனால் நகரின் பெரும்பகுதி பழைய ஏரிப் படுகையில் இருந்தது. அடுக்கின் தடிமனை நான்கால் பெருக்கி அலைவேகத்தால் வகுத்தால் அந்த மண்ணின் இயல்பான ஆட்டக்காலம் கிடைக்கும். அங்கே அது ஏறத்தாழ 2 நொடி. அதே தாளத்தில் ஆடிய நடுத்தர உயரக் கட்டடங்கள்தான் அதிகம் சரிந்தன.

நம் பக்கம் பெரிய நிலநடுக்கம் அரிது. அதற்காக ஏரிகளைத் தூர்த்து, மண் பரிசோதனையை வெறும் சடங்காக்கி, அடுக்குமாடி எழுப்புவது நியாயமாகாது. ஏரி போனால் தண்ணீரும் போகிறது, நிலத்தின் உறுதியும் கிடைப்பதில்லை. மனை வாங்குகிறவர்கள் பத்திரத்தையும் வில்லங்கத்தையும் அலசுகிறோம். அந்த இடம் முன்பு ஏரியா என்று பழைய நில வரைபடத்தைப் பாருங்கள். மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.