நாவலின் முதற்படியும் திருத்துவோர் ஊக்கமும்

நாவல் எழுதத் தொடங்குவோர் பலர். எழுதி முடிப்போர் சிலர். முடித்ததைத் திருத்தி அச்சுக்குத் தகுதியாக்குவோர் மிகச் சிலரே. முதன்முறை எழுதி முடித்த கைப்பிரதியை ஈண்டு முதற்படி என்று வழங்குவோம். அம் முதற்படி பெட்டியின் அடியில் துணிகளுக்குக் கீழே கிடந்து மஞ்சள் பூத்துப் போவது நம் மாணவ எழுத்தாளரிடையே அரிதன்று. அறிவுக் குறைவால் இவ்வாறு நேர்வதாக நான் கருதவில்லை. எழுதும்போது இருந்த ஊக்கம் திருத்தும்போது எங்கோ கழன்றுவிடுகிறது. அஃது ஏன் கழலுகிறது, அதனைக் காத்துக்கொண்டோர் யாங்ஙனம் காத்தனர் என்பவற்றையே இக் கட்டுரையில் ஆராயப் புகுகின்றேன்.

முதற்படி எழுதுங்கால் உழைப்பின் பயன் கண்ணுக்குத் தெரிகிறது. நேற்று நாற்பது பக்கம், இன்று நாற்பத்துமூன்று. மேலும், கதை எங்கே போகும் என்று எழுதுவோனுக்கே ஓர் ஆவல் இருக்கும். திருத்துங்கால் இவ்விரண்டும் இல்லை. காலைமுதல் உச்சிவரை உழைத்துப் பத்துப் பக்கத்தை ஏழாக்கியவனுக்கு மூன்று பக்கம் இழந்ததாகவே தோன்றும். கதையின் முடிவோ அவன் அறிந்ததே. இவற்றினும் கொடியது மற்றொன்று உண்டு. ஓராண்டு எழுதியதனால் அவனுடைய சுவையுணர்வு வளர்ந்துவிடுகிறது. ஆகவே முதல் அத்தியாயத்தின் குற்றங்கள் அவன் கண்ணைக் குத்துகின்றன. குற்றம் காணும் கண் முந்திச் செல்ல, குற்றம் களையும் கை பின்தங்கி நிற்கிறது. இவ்விடைவெளியைக் காண்பவன், "எனக்கு எழுதும் ஆற்றலே இல்லை" என்று முடிவு செய்துவிடுகிறான். உண்மையில் அவன் கண்டது தன் வளர்ச்சியையே அன்றோ?

பிரெஞ்சு ஆசிரியர் பிளோபேர் இவ்வகை மனச்சோர்வுக்கு நல்ல சான்று. அவர் 1849-இல் 'புனித அந்தோணியாரின் சோதனை' என்னும் நூலை எழுதி முடித்து, லூயி பூயியே, மாக்ஸிம் டூ காம் என்னும் நண்பர் இருவரை அழைத்து, நான்கு நாட்கள் தொடர்ந்து படித்துக் காட்டினார். கேட்டு முடித்த நண்பர்கள், அதனை நெருப்பிலிட்டு அப்பேச்சையே விட்டுவிடுமாறு கூறினர் என்று டூ காம் எழுதி வைத்திருக்கிறார். இருபத்தேழு வயதினனுக்கு இதனினும் பெரிய அடி வேண்டுமோ? பிளோபேர் நூலை எரிக்கவில்லை, எடுத்து வைத்தார். 1851-இல், ரூவான் நகருக்கருகே ஸேன் ஆற்றங்கரையில் உள்ள குரோவாஸே என்னும் ஊரிலிருந்த தம் வீட்டில், 'மதாம் பொவாரி' நாவலைத் தொடங்கினார். அது முடிய 1856 ஆயிற்று. அந் நாவலுக்காக அவர் எழுதிய திட்டங்களும் படிகளுமாக ஏறத்தாழ 4,500 பக்கங்கள் ரூவான் நகர நூலகத்தில் இன்றும் உள்ளன. ஒரு பக்கத்தைப் பலமுறை எழுதி, பின் உரத்த குரலில் தமக்குத் தாமே படித்துக் காதால் சோதிப்பது அவர் வழக்கம்.

அவர் இக் காலத்தில் லூயிஸ் கோலே என்னும் அம்மையாருக்கு எழுதிய கடிதங்களைப் படிப்போர், அவரை ஊக்கத்தின் உருவம் என்று சொல்லமாட்டார். ஒரு வாரம் முழுவதும் உழைத்தும் சில பக்கங்களே தேறின என்று புலம்புவார். தம் கதையையே வெறுப்பதாகச் சொல்வார். ஆயினும் மறுநாள் மேசைமுன் அமர்ந்துவிடுவார். இதிலிருந்து நான் அறிவது, ஊக்கம் என்பதை உள்ளக்கிளர்ச்சி என்று நாம் பொருள்கொள்வது பிழை என்பதே. கிளர்ச்சி வந்தபின் வேலை செய்வோம் என்று காத்திருந்தால் குரோவாஸேயில் ஒரு நாவலும் பிறந்திராது. ஞாயிறுதோறும் பூயியே வருவார். அந்த வாரம் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். முன்னர் நெருப்பிலிடச் சொன்ன அதே பூயியேதான்! நண்பன் வருவான் என்னும் அந்த ஒரு நியமம், ஆறு நாள் சோர்வையும் தாங்கி நின்றது. எடுத்து வைத்த அந்தோணியார் நூலும் மறுபடி மறுபடி எழுதப்பெற்று 1874-இல் வெளிவந்தது.

கேட்போர் முன் படித்தல் தமிழர்க்குப் புதிதன்று. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்து அதங்கோட்டாசான் கேட்பத் தொல்காப்பியம் அரங்கேறிற்று என்று அதன் பாயிரம் கூறும். ஆனால் முதற்படிக்கு அவையம் வேண்டா. நூறுபேர் கேட்டால் நூறு கருத்து எழும். ஒருவரோ இருவரோ போதும். அவரும் நம்மைப் புகழ்வதற்கென்றே பிறந்தவராய் இருத்தல் ஆகாது.

இனி, ஜேன் ஆஸ்டின் அம்மையார் செய்தி. அவர் தமது 'பெர்ஸுவேஷன்' நாவலை 1816 ஜூலை 18-இல் முடித்தார். முடித்தபின் இறுதிப்பகுதி அவருக்கு நிறைவளிக்கவில்லை. பிரிந்த காதலர் இருவரும் ஓர் அட்மிரலின் வீட்டு அறையில், பிறர் சூழ்ச்சிபோல் அமைந்த ஒரு சந்திப்பில் ஒன்றுசேர்வதாக முதலில் எழுதியிருந்தார். அது சுவையற்றது என்று உணர்ந்த அன்றிரவு மனம் தளர்ந்தே படுக்கைக்குச் சென்றாரென்றும், மறுநாட் காலையில் தெளிந்த நோக்கோடு எழுந்தாரென்றும் அவருடைய சகோதரர் மகன் தம் வரலாற்று நூலில் கூறுகிறார். அப்போது அம்மையார் உடல்நலங் குன்றத் தொடங்கியிருந்தது. எனினும், ஆகஸ்டு 6-ஆம் நாளுக்குள் புதிய அத்தியாயங்களை எழுதி முடித்தார். அவற்றிலேதான், பாத் நகர விடுதி அறையில் கதைத்தலைவி மற்றொருவரோடு காதலின் உறுதியைப் பற்றி உரையாட, அதனைக் கேட்டவண்ணம் தலைவன் கடிதம் எழுதும் அழகிய காட்சி வருகிறது. நாவலின் உயிரே அதுதான் என்பேன். நீக்கப்பட்ட கைப்பிரதி பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பது எந்த உரைநடை இலக்கணத்தினும் பயன்தரும். மூன்று வாரத்துக்குள் முடிந்த வேலை! அவர் நூல் முழுவதையும் குலைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிழை எங்கேயோ அங்கே மட்டும் கை வைத்தார். "எல்லாம் கெட்டது" என்பவனுக்குச் செய்வதற்கு ஒன்றும் தோன்றாது. "இவ்விருவரும் சந்திக்கும் முறை கெட்டது" என்பவனுக்கு நாளைய வேலை கையில் இருக்கிறது.

அவ்வம்மையாரே காலத்தையும் கருவியாகக் கொண்டவர். 1797-இல் அவர் தந்தையார் ஒரு பதிப்பாளருக்கு எழுதிக் கேட்க, கைப்பிரதியைப் பாராமலே மறுக்கப்பட்ட கதைதான், திருத்தமும் சுருக்கமும் பெற்று 1813-இல் 'பிரைட் அண்ட் பிரஜுடிஸ்' ஆயிற்று. பதினாறு ஆண்டு நாம் காத்திருக்க வேண்டா; ஒன்றிரண்டு மாதமேனும் முதற்படியைப் பூட்டி வைத்தால், பிறர் எழுதியதைப் படிப்பதுபோல் படிக்க இயலும். இதற்குத் தேர்வுக்காலம் மிகவும் உதவும்!

அன்றாட அளவு குறித்து அந்தோணி டிராலப் சொல்வது கேட்கத்தக்கது. தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே தம் 47 நாவல்களுள் பலவற்றை எழுதியவர் அவர். விடியற்காலை 5.30 மணிக்கு மேசைமுன் இருப்பார். தம்மை எழுப்பிக் காப்பி கொடுக்கும் கிழ வேலைக்காரருக்கு ஆண்டுக்கு 5 பவுன் அதிகம் கொடுத்தார். கடிகாரத்தை எதிரே வைத்துக் கால்மணிக்கு 250 சொற்கள் எழுதினார். ஆனால் முதல் அரைமணி நேரம், நேற்று எழுதியதைப் படித்துச் சொற்களின் ஓசையைக் காதால் நிறுத்துப் பார்ப்பதற்கே உரியது. திருத்துவோனும் இவ்வாறே பக்கக் கணக்கை விட்டு நேரக்கணக்கைக் கொள்ளலாம். பத்துப் பக்கம் ஏழானாலும் இரண்டு மணி இரண்டு மணிதானே.

தொடர்கதை எழுதுவோர்க்கு இவ்வசதிகள் இல்லை. 1893-இல் 'விவேக சிந்தாமணி'யில் தொடங்கிய ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' போல்வன பகுதி பகுதியாக அச்சேறியவை. அச்சேறிய பகுதியைத் திரும்பப் பெற முடியாது. ஆயினும் டிக்கன்ஸ், 1861-இல் தம் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' தொடர்கதையின் முடிவை, அச்சுப்படி வந்தபின்னும் நண்பர் புல்வர் லிட்டனின் சொற்கேட்டு மாற்றினார். மாற்றியது நன்றோ என்பதில் இன்றளவும் வழக்குண்டு. எனக்குப் பழைய முடிவே பிடிக்கிறது.

எங்கே நிறுத்துவது என்பதற்கு மட்டும் யாரும் அளவுகோல் தந்திலர். டால்ஸ்டாய் 1863-இல் தொடங்கிய 'போரும் அமைதியும்' 1869-இல் முடிந்தது. அவர் மனைவியார் படிகளைத் திரும்பத் திரும்பப் பெயர்த்தெழுதினார். அதன்பின்னும் அடங்காது, 1873-ஆம் ஆண்டுப் பதிப்பில் பிரெஞ்சு உரையாடல்களை ருஷ்ய மொழிக்கு மாற்றி, தத்துவப் பகுதிகளைப் பிரித்து நூலின் கடைசியில் சேர்த்தார். 1886-ஆம் ஆண்டுப் பதிப்பில் பிரெஞ்சு மீண்டும் வந்தது. இன்று ருஷ்யர் பெரும்பாலும் படிப்பது அப் பிரெஞ்சு உள்ள படிவத்தையே.