சிறு தொழிலுக்குக் கூட்டுறவு முதல்

அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் கறவைப்பசு வளர்க்கவோ, காய்கறி பயிரிடவோ விரும்புவோர்க்கு முதல் இன்மையே தடையாகும். குடியிருக்கும் லயமும் நிலமும் பெரும்பாலும் அவர்க்கு உரியவை அல்லவாதலால், வங்கிக்கு ஈடு காட்ட இயலாது.

இக்குறையைச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் தீர்க்கலாம். இலங்கையில் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தால் வழிபெற்ற இத்தகைய சங்கங்கள், 1978இல் சணச என்னும் இயக்கமாகப் புத்துயிர் பெற்றன. அங்கத்தவரின் பங்குப்பணமும் சேமிப்புமே இங்கு முதலாகும். நிலத்துக்குப் பதிலாக அயலார் பிணை நிற்பர். எவர் பசுவைப் பேணுவார், எவர் விற்றுவிடுவார் என்பதை வங்கி அலுவலரினும் அடுத்த காம்பராவில் வாழ்பவரே நன்கறிவர். சீட்டுக் கட்டிப் பழகிய பெண்களுக்கு இது முற்றும் புதிதன்று. ஆயின் சீட்டில் பணம் முறைவைத்துக் கிடைக்கும், சங்கத்திலோ தொழிலின் தகுதி நோக்கி வழங்கப்படும்.

தவணை வகுப்பதிலேயே பெரும்பிழை நேரக்கூடும். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். ஐந்துமாதச் சினைக்கிடாரியை வாங்கியவர் மேலும் நான்கு மாதங்களுக்கு மேல், பால் வருவாயின்றித் தீனியிட வேண்டும். முதல் மாதமே தவணை கேட்டால் அது கூலியிலிருந்தே போகும், வீட்டுச்செலவு முட்டும், ஈற்றில் கிடாரியே விலைபோகும். ஆகவே கன்று ஈன்று பால் விற்கத் தொடங்கிய மாதம் முதல் தவணை அறவிடுமாறு சங்கம் தீர்மானித்தல் நலம். கிடாரி இறப்பின் பிணையாளர்மீதே முழுச்சுமையும் விழாதவாறு, இலாபத்தில் ஒரு பகுதியை ஒதுக்குநிதியாக வைத்தலும் வேண்டும்.