நலிந்த பாறையில் சுரங்கப்பாதை: தாங்கு அமைப்பை வகுக்கும் முறை

மலையைக் குடைந்து பாதை அமைக்குங்கால், பாறை கெட்டியானதாயின் அது தன்னைத் தானே தாங்கி நிற்கும். இமயமலையின் அடிவாரத் தொடர்களில் நிலைமை வேறு. அங்கே பாறையடுக்குகள் மடிந்தும் முறிந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் கிடப்பதால், களிப்பாறை முதலியன கையால் உதிர்க்கத்தக்க அளவுக்குச் சில இடங்களில் நொறுங்கியுள்ளன. இத்தகைய பாறையில் குடையப்பட்ட வெளி, நாளடைவில் தானே சுருங்கத் தொடங்குகிறது.

இதன் காரணத்தை எளிய கணக்கால் அறியலாம். ஒரு கனமீட்டர் பாறை ஏறத்தாழ 2.7 டன் எடையுள்ளது. எனவே 300 மீட்டர் ஆழத்தில், மேலுள்ள மலையின் பாரம் சதுர சென்டிமீட்டருக்கு 81 கிலோகிராம் ஆகும். எப்பக்கமும் அழுத்தம் சமமாயிருப்பின், வட்டமான சுரங்கத்தைக் குடைந்ததும் அதன் சுவரோரத்தில் இந்த அழுத்தம் இரு மடங்காகி, 162 கிலோகிராமை எட்டும். நொறுங்கிய பாறையால் இதனைத் தாங்க இயலாது. அது நெகிழ்ந்து உள்நோக்கி நகர்கிறது. ஈரக் களிமண் கட்டியில் துளையிட்டு, அதன்மேல் செங்கற்களை ஒவ்வொன்றாக அடுக்கி, துளை சிறுத்துவருவதை ஆசிரியர்கள் வகுப்பில் காட்டலாம்.

அப்படியாயின், அந்தப் பாரம் முழுவதையும் தாங்கும் முட்டுகளை அமைக்கலாகாதா என்ற வினா எழும். 10 மீட்டர் விட்டமுள்ள சுரங்கத்தில் 20 சென்டிமீட்டர் கனத்துக்குப் பீச்சப்பட்ட கான்கிரீட் வளையத்தை எடுத்துக்கொள்வோம். கான்கிரீட்டின் வலிமை 250 கிலோகிராம் எனில், அவ்வளையம் பாறையின்மீது செலுத்தக்கூடிய எதிரழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோகிராம் மட்டுமே; அதாவது முன்சொன்ன பாரத்தில் எட்டில் ஒரு பங்கு. அடித்தளமும் மூடப்பட்டு வளையம் முழுமையடைந்தால்தான் இந்தச் சிறு பங்கும் கிட்டும். எஞ்சியதைப் பாறையே சுமந்தாக வேண்டும். தாங்கு அமைப்பின் வேலை மலையைத் தூக்கி நிறுத்துவதன்று; பாறை தன் வலிமையை அறவே இழந்துவிடாமல் அணைத்துப் பிடிப்பதேயாகும். இதை உணராதவர், மேன்மேலும் கனத்த எஃகு வளைவுகளை நிறுத்தி, அவை முறுக்கிக்கொள்வதைக் கண்டு வியப்பர்.

ஆகவே காலமே முக்கியம். விறைப்பான முட்டை மிக விரைவில் இறுக்கினால் பாரம் முழு வேகத்துடன் அதன்மீது இறங்கும். மிகத் தாமதித்தாலோ பாறை தளர்ந்து இடிந்து விழும். ஓரளவு நகர இடம் கொடுத்துப் பின்னர் நிறுத்துவதே நலம். சறுக்கும் மூட்டுகளையுடைய எஃகு வளைவுகள், துளையிட்டுப் பதிக்கப்படும் பாறை ஆணிகள், மெல்லிய கான்கிரீட் பூச்சு ஆகியவை இதற்கு ஏற்றவை. 1960-களில் பெயர் பெற்ற புதிய ஆஸ்திரிய முறையின் உட்கருத்தும் இதுவே.

சுரங்கத்தின் அளவும் கவனிக்கத்தக்கது. யமுனை நீர்மின் திட்டத்தின் சிப்ரோ-கோத்ரி சுரங்கம் 7.5 மீட்டர் விட்டத்துக்கு வகுக்கப்பட்டது. இரு பெரும் பிளவுகளுக்கு இடையே சிதைந்த சிவப்புக் களிப்பாறை குறுக்கிட்டபோது, அப்பகுதியில் மட்டும் ஒரு சுரங்கத்துக்குப் பதிலாக 5 மீட்டர் விட்டமுள்ள மூன்று சிறு சுரங்கங்களைக் குடையும்படி திட்டம் மாற்றப்பட்டது. செலவு கூடினும் அது தக்க முடிவே. சிறிய வெளியில் அதே கனமுள்ள வளையம் அதிக எதிரழுத்தம் தரும் என்பது மேற்கூறிய கணக்கிலிருந்தே விளங்கும்.

எவ்வளவு கணக்கிட்டாலும், தீர்ப்பளிப்பது அளவெடுப்பே. எதிரெதிர்ச் சுவர்களில் குறிகளைப் பதித்து அவற்றின் இடைவெளி அவ்வப்போது அளக்கப்படுகிறது. சுருக்கம் விட்டத்தில் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டினால், அதாவது 10 மீட்டர் சுரங்கத்தில் 10 சென்டிமீட்டரை மிஞ்சினால், தொல்லை நெருங்குகிறதெனக் கொள்வது வழக்கம். குடையும் முனையில் மட்டும் அளந்தால் போதாது. உத்தரகண்டின் சில்க்யாரா சுரங்கத்தில் 2023 நவம்பர் 12-ஆம் நாள் சரிந்தது முனையன்று; வாயிலிலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் தொலைவில், முன்பே குடைந்து கடந்த பகுதி. உள்ளே வேலைசெய்துகொண்டிருந்த 41 தொழிலாளர்கள் அதற்கப்பால் அடைபட்டனர். இடிபாட்டினூடே குழாய் செலுத்தி, இறுதிச் சில மீட்டரைக் கையாலேயே தோண்டி, 17-ஆம் நாளன்று அனைவரும் உயிருடன் மீட்கப்பட்டனர்.

முனை அருகிலுள்ளவரை குறிகளை நாள்தோறும் அளத்தல் வேண்டும். அசைவு தணிந்தபின் வாரம் ஒருமுறை போதும். தணிந்த அசைவு மீண்டும் வேகமெடுப்பின், முதலில் ஆட்களை வெளியேற்றிவிட்டு, அதன்பின்னரே கூடுதல் ஆணிகளைப் பற்றி யோசித்தல் தகும். குறிகள் சேற்றாலும் கான்கிரீட் தெறிப்பாலும் மறைந்துவிடாமல் காப்பது களப்பணியாளரின் பொறுப்பு. ஏனெனில் ஒரு குறி அழிந்தால் அதுவரை எடுத்த அளவுகளின் தொடர்ச்சியும் அறுந்துபோகும்.