காட்டுச் சாமியைச் சுவரில் வரைந்த கூலித் தொழிலாளி! பாரீஸ் வரை போனவருக்கு ஜப்பானில் நேர்ந்த பரிதாபம்

மண் வெட்டி, கூலி வேலை பார்த்து வயிறு கழுவிய கிராமத்து வாலிபர் அவர். அவர் போட்ட படம் பாரீஸ் வரை போனது. உயிர் மட்டும் ஊர் திரும்பவில்லை!

அவர் பெயர் ஜன்கர் சிங் ஷியாம். மத்தியப் பிரதேசத்தில், நர்மதை ஆற்றுப் பக்கம் உள்ள பாட்டன்கர் கிராமத்துக்காரர். மக்கள்தொகை கணக்கெடுக்க ஆட்கள் வந்த சமயம் பிறந்த பிள்ளை என்பதால் இந்தப் பெயர் வைத்தார்களாம்.

பாட்டுக்காரர் பரம்பரை

கோண்டு ஆதிவாசிகளில் பர்தான் பிரிவைச் சேர்ந்தவர் ஜன்கர். "பானா" என்ற தந்தி வாத்தியத்தை இழைத்து, குலக் கதையையும் சாமி கதையையும் பாடுவதுதான் அவர்கள் தொழில். எழுதி வைத்த ஏடு கிடையாது. எல்லாம் ஞாபகம்தான். கோண்டுகளின் பெரிய சாமி "படா தேவ்". கருமருது மரத்தில் குடியிருப்பதாக நம்பிக்கை.

காலம் மாறியது. பாட்டுக்கு நெல்லும் மாடும் கொடுத்த குடும்பங்கள் நொடித்துப் போயின. பாட்டுக்காரர் கையில் மண்வெட்டி ஏறியது.

சுவரில் அனுமார்

1981-ம் வருஷம். போபாலில் "பாரத் பவன்" கலைக்கூடம் திறப்பதற்காக ஓவியர் ஜெ.சுவாமிநாதன் கிராமம் கிராமமாக ஆட்களை அனுப்பிப் படங்கள் சேகரித்தார். (இவர் சிம்லாவில் பிறந்த தமிழர்.) பாட்டன்கரில் ஒரு வீட்டுச் சுவரில் இருந்த அனுமார் படம் அவர்களை நிறுத்தியது. "யார் போட்டது?" என்று விசாரித்தார்கள். ஜன்கர் சிக்கினார்!

போபாலுக்கு வந்தார். பேப்பரும் புதுக் கலரும் கையில் கிடைத்தன. அதுவரை பாட்டில் மட்டுமே இருந்த சாமிகளுக்கு உருவம் வந்தது. மான், முதலை, பாம்பு, பறவை, மரம் எல்லாம் புள்ளி புள்ளியாக, கோடு கோடாக உயிர் பெற்றன. போபால் சட்டசபைக் கட்டடத்திலும் சுவர்ச் சித்திரம் தீட்டினார். 1989-ல் பாரீஸ் கண்காட்சியில் அவர் படம் இடம் பெற்றது.

வராமலே போனார்

2001-ல் ஜப்பானில் நீகாட்டா பகுதியில் உள்ள ஒரு மியூசியத்தில் தங்கிப் படம் போட்டுக் கொடுக்கப் போனார். ஊர் ஞாபகம் வாட்டியது. வீட்டுக்குக் கடிதம் எழுதினார். அந்த ஜூலையில் அங்கேயே தற்கொலை செய்து கொண்டார். வயது சுமார் 40தான். விசாரணை வேண்டும் என்று இந்திய ஓவியர்கள் குரல் கொடுத்தார்கள். என்ன மன வேதனையோ, போன உயிர் திரும்பவில்லை.

கை மாறிய தூரிகை

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. வேலை தேடி வந்த சொந்தக்காரப் பிள்ளைகளை வீட்டில் வைத்துச் சோறு போட்டு, படங்களுக்குப் புள்ளி வைக்கப் பழக்கியிருந்தார் ஜன்கர். அவர்களில் ஒருவர், ராத்திரி வாட்ச்மேன் வேலை பார்த்த பஜ்ஜு ஷியாம். இவர் லண்டனைப் பார்த்து வந்து, மணிக்கூண்டைச் சேவலாகவும், பஸ்சை நாயாகவும் வரைந்தார். அந்தப் படங்களை 2004-ல் புத்தகமாகப் போட்டது நம்ம சென்னை தாரா பதிப்பகம். 2018-ல் பஜ்ஜுவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஜன்கரின் மனைவி, மகன், மகள் எல்லோருமே ஓவியர்கள். கோண்டு ஓவியர்களின் இந்தப் பாணிக்கு இன்று "ஜன்கர் கலம்" என்றே பெயர்.

அடுத்த தடவை எங்காவது கொம்பில் மரம் முளைத்த மான் படம் கண்ணில் பட்டால் கொஞ்சம் நின்று பாருங்கள். அதன் பின்னால் ஒரு கூலிக்காரரின் கை இருக்கிறது.