குழாய் பியர், வீட்டுக் கணக்கு

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருக்கும் போர்ட்லாந்து நகரத்தில் கிராஃப்ட் பியர் ஆலைகளுக்குப் பஞ்சமே இல்லை. பல ஆலைகளில் குடிக்கும் கூடமும் ஒட்டியே இருக்கும். அங்கே உட்கார்ந்து ஒரு கிளாஸ் குடிக்கலாம். குளிர்பெட்டியில் அடுக்கியிருக்கும் டின்களை வாங்கிப் போகலாம். குழாயிலிருந்து நேராகப் பெரிய கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக்கொண்டும் போகலாம். அந்தப் பாட்டிலுக்கு கிரவுலர் என்று பெயர். குழாயில் வருவது புதிது, மொத்தமாக வாங்குவது மலிவு என்ற இரண்டு நம்பிக்கைகளில்தான் இதன் வியாபாரம் நடக்கிறது. இரண்டையும் எண்களில் போட்டுப் பார்த்துவிடலாம்.

அளவு

- ஒரு பைன்ட் கிளாஸ்: 16 அவுன்ஸ், அதாவது 473 மில்லி
- பெரிய டின் (கடையிலேயே நிரப்பி மூடித் தருவது): 32 அவுன்ஸ், 946 மில்லி
- கிரவுலர்: 64 அவுன்ஸ், 1.89 லிட்டர்
- 16 அவுன்ஸ் டின் நான்கு கொண்ட கட்டு: 64 அவுன்ஸ், 1.89 லிட்டர்
- 12 அவுன்ஸ் டின் ஆறு கொண்ட கட்டு: 72 அவுன்ஸ், 2.13 லிட்டர்

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியவை மூன்றாவது, நான்காவது வரிகள். பெரிதாகத் தெரியும் கிரவுலரும் கையடக்கமான நான்கு டின் கட்டும் அளவில் ஒன்றே.

கிரவுலர் இன்றைய வடிவத்துக்கு வந்தது 1989-இல். வயோமிங் மாநிலத்தின் வில்சன் என்ற சிற்றூரில் ஆட்டோ சகோதரர்கள் நடத்திய சிறு ஆலையிடம் பாட்டிலில் அடைக்கும் இயந்திரம் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டவர்களுக்கு அரை கேலன் கண்ணாடிக் குடுவையில் பிடித்துக் கொடுத்தார்கள். 2002-இல் கொலராடோவின் ஆஸ்கர் புளூஸ் ஆலை தன் பியரைத் தானே டின்னில் அடைக்கத் தொடங்கியது. பிறகு சிறு ஆலைகளும் வரிசையாக டின்னுக்கு வந்துவிட்டன. கிரவுலர் பிறந்த காரணம் பெரும்பாலும் தீர்ந்துபோனது. பழக்கம் மட்டும் நிற்கிறது.

விலை

விலை கடைக்குக் கடை மாறும். கீழே உள்ளவை கணக்குக்காக வைத்துக்கொண்ட விலைகள். உங்கள் கடைப் பலகையில் இருப்பதை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

- பைன்ட் 7 டாலர்: அவுன்ஸுக்கு 43.8 சென்ட். டிப்ஸ் 1 டாலர் சேர்த்தால் 50 சென்ட்
- பெரிய டின் 11 டாலர்: அவுன்ஸுக்கு 34.4 சென்ட்
- கிரவுலர் நிரப்ப 18 டாலர்: அவுன்ஸுக்கு 28.1 சென்ட்
- நான்கு டின் கட்டு 16 டாலர்: அவுன்ஸுக்கு 25 சென்ட்

ஓரிகனில் விற்பனை வரி கிடையாது. எனவே பலகை விலைதான் பில் விலை. டின்னுக்கு மட்டும் தலா 10 சென்ட் வைப்புத்தொகை உண்டு. நான்குக்கு 40 சென்ட்; காலி டின்னைத் திருப்பிக் கொடுத்தால் அது கைக்கு வந்துவிடும்.

விலையில் பாதி வரியாகத்தான் போகிறது என்று பேசுபவர்கள் உண்டு. ஒரு பேரல் என்பது 31 கேலன், அதாவது 62 கிரவுலர். சிறிய ஆலைகள் முதல் 60,000 பேரல் வரை கட்டும் மத்திய வரி பேரலுக்கு 3.50 டாலர். ஓரிகன் மாநில வரி பேரலுக்கு 2.60 டாலர். இரண்டும் சேர்ந்து 6.10 டாலர். அதை 62-ஆல் வகுத்தால் ஒரு கிரவுலருக்கு 9.8 சென்ட். பத்து சென்ட்கூட இல்லை.

பாட்டில் விலையும் இருக்கிறது. காலிக் கண்ணாடிக் குடுவை 6 டாலர் என்றால், முதல் முறை நிரப்பும்போது அவுன்ஸுக்கு 9.4 சென்ட் கூடுதல். பன்னிரண்டு முறை நிரப்பினால் அது 0.8 சென்டாகக் குறைந்துவிடும். 50 டாலர் கொடுத்து வாங்கும் இரட்டைச் சுவர் எவர்சில்வர் குடுவையை 50 முறை நிரப்பினாலும் அவுன்ஸுக்கு 1.6 சென்ட் நிற்கும். வருடத்துக்கு நான்கு முறை பியர் வாங்கும் வீட்டில் அந்த ஐம்பது முறையை எட்டவே பன்னிரண்டரை வருடம் ஆகும்.

ஆக, அதே பியர் டின்னிலும் கிடைத்தால் விலைப் போட்டியில் கிரவுலர் தோற்கிறது. ஜெயிக்க வேண்டுமானால், நம் கணக்கின்படி நிரப்பும் விலை 16 டாலருக்குக் கீழே வர வேண்டும்.

கொட்டியது

மேலே போட்டது வாங்கிய அவுன்ஸின் விலை. வீட்டுக் கணக்குக்கு வேண்டியது குடித்த அவுன்ஸின் விலை. 18 டாலர் கிரவுலரையே எடுத்துக்கொள்வோம்.

- 64 அவுன்ஸும் குடித்தால்: 28.1 சென்ட்
- கடைசிக் கிளாஸைக் கொட்டினால் (48 குடித்தது): 37.5 சென்ட்
- பாதியைக் கொட்டினால் (32 குடித்தது): 56.3 சென்ட்

ஒரு கிளாஸ் வீணானதுமே பெரிய டின் மலிவாகிவிடுகிறது. பாதி வீணானால், கடையிலேயே உட்கார்ந்து டிப்ஸும் வைத்துக் குடித்துவிட்டு வந்திருக்கலாம். கிரவுலரில் ஏறத்தாழ 52 அவுன்ஸாவது குடித்தால்தான் அது பெரிய டின்னின் விலைக்கு ஈடாகும். அதாவது 12 அவுன்ஸுக்கு மேல் கொட்டக்கூடாது. டின்னில் இந்தத் தொல்லை இல்லை. திறக்காத மூன்றாவது டின் அடுத்த வாரமும் குளிர்பெட்டியில் அப்படியே இருக்கும்.

நேரம்

கிரவுலர் ஏன் வீணாகிறது? குழாயடியில் நின்று பார்த்தால் விஷயம் புரியும். ஊழியர் குழாயின் முனையில் ஒரு பிளாஸ்டிக் குழலை மாட்டி அதைக் குடுவையின் அடிவரை இறக்குகிறார். பியர் அடியிலிருந்து மேலே ஏறுகிறது. நுரை கழுத்தைத் தாண்டி வழிந்ததும் குழலை எடுத்து, மூடியைத் திருகி, மேலே ஒரு டேப்பை ஒட்டுகிறார். நுரை நன்றாக வழிந்தால் உள்ளே இருந்த காற்று பெரும்பாலும் வெளியே போய்விடும். ஆனால் முழுவதும் போகாது. ஆலையில் டின் அடைக்கும்போது பியருக்குள் புகும் ஆக்ஸிஜனை நூறு கோடியில் இத்தனை பங்கு என்று அளக்கிறார்கள். நூறு பங்குக்குக் கீழே வைப்பதுதான் நல்ல ஆலையின் இலக்கு. திறந்த வாயுள்ள குடுவையில் அதெல்லாம் நடக்காது.

இப்படி நிரப்பிய குடுவையை மூடியபடி குளிரில் வைத்தால் மூன்று நாள் வரை நன்றாக இருக்கும். காற்றை வெளியேற்றி, அழுத்தத்தில் நிரப்பும் இயந்திரம் உள்ள கடையில் வாங்கினால் வாரக்கணக்கில் தாங்கும். திறந்துவிட்டால் அன்றிரவு, மிஞ்சினால் மறுநாள் மாலை.

மறுநாள் என்ன ஆகிறது என்பதையும் கணக்கிடலாம். ஒரு சாதாரண பியரில் அதன் கொள்ளளவைப் போல் 2.5 மடங்கு கரியமில வாயு கரைந்திருக்கும். பாதியைக் குடித்துவிட்டு மூடினால், மிச்சமிருக்கும் 946 மில்லி பியருக்கு மேலே 946 மில்லி வெற்றிடம். அந்த இடம் நிரம்பும்வரை வாயு பியரை விட்டு வெளியேறும். 3 டிகிரி செல்சியஸில் இரண்டும் சமநிலைக்கு வரும்போது பியரில் மிஞ்சுவது சுமார் 1.5 மடங்குதான். நூற்றுக்கு நாற்பது பங்கு கேஸ் போய்விட்டது. அந்த வெற்றிடத்தில் புகுந்த காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன். பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் மணத்தை முதலில் தின்பது அதுதான். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் இரண்டுமே உள்ளுக்குள் நடப்பவை.

அதற்காக வாய்வரை நிரப்பச் சொல்லவும் கூடாது. 3 டிகிரியில் உள்ளழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11 பவுண்ட் என்றால், 21 டிகிரியில் அது 29 பவுண்ட் ஆகிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் இன்னும் ஏறும். விரியும் திரவத்துக்கு இடமில்லாத கண்ணாடிக் குடுவை வெடிக்கலாம். எனவே ஐந்து சதவீத இடைவெளி விட வேண்டும். விளிம்புவரை 64 அவுன்ஸ் கொள்ளும் குடுவையானால் உண்மையில் கிடைப்பது 61 அவுன்ஸ், விலை அவுன்ஸுக்கு 29.5 சென்ட். இன்னொன்று: பழுப்புக் கண்ணாடியே வாங்குங்கள். நிறமற்ற கண்ணாடியில் வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து சில நிமிடத்திலேயே நாற்றம் தட்டும்.

கடைக்காரர் கணக்கு

பெரிய கெக் (பியர் பீப்பாய்) ஒன்றில் 15.5 கேலன். அது 124 பைன்ட், அல்லது 31 கிரவுலர்.

- பைன்ட்டாக விற்றால்: 124 × 7 = 868 டாலர்
- கிரவுலராக விற்றால்: 31 × 18 = 558 டாலர்
- வித்தியாசம்: 310 டாலர், ஒரு கிரவுலருக்கு 10 டாலர்

வெள்ளிக்கிழமை இரவு கூட்டத்தில் கிரவுலர் கேட்டால் ஊழியர் முகம் கோணுவதற்குக் காரணம் இந்தப் பத்து டாலர்தான். திங்கள், செவ்வாயில் கடை காற்று வாங்கும்போது அதே பத்து டாலரை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. தள்ளுபடி நாளாகவே அறிவிக்கும் கடைகளும் உண்டு. 3 டாலர் தள்ளினால் 15 டாலர், அவுன்ஸுக்கு 23.4 சென்ட். அப்போதுதான் கிரவுலர் நான்கு டின் கட்டை முந்துகிறது.

அரிய பியர்கள் பெரும்பாலும் சிறிய கெக்கில் வரும். அதில் 5.16 கேலன், 41 பைன்ட். பத்துப் பேர் கிரவுலர் பிடித்தால் கெக் காலி. அவற்றை வீட்டுக்குத் தர மாட்டோம் என்று கடைகள் சொல்வது நியாயம்தான்.

புதிது என்ற நம்பிக்கை

பாஸ்சரைஸ் செய்யாத கெக் பியர் குளிரிலேயே இருந்தால் 45 முதல் 60 நாள் நன்றாக இருக்கும். ஒரு நாளைக்கு 20 பைன்ட் போகும் பியர் என்றால் பெரிய கெக் ஆறு நாளில் தீரும். நாளைக்கு 4 பைன்ட்தான் போகிறதென்றால் 31 நாள் கிடக்கும். அதற்குமுன் கிடங்கில் கிடந்த நாட்களையும் கூட்டினால், பக்கத்துக் குளிர்பெட்டியில் போன வாரம் அடைத்த டின்தான் புதியது. டின்னின் அடியில் தேதி இருக்கும். குழாயில் இருக்காது. கெக்கை எப்போது மாட்டினீர்கள் என்று கேட்டால் நல்ல கடையில் சொல்வார்கள்.

குளிரறைக்கும் குழாய்க்கும் நடுவே ஓடும் குழலையும் மறக்கக்கூடாது. கால் அங்குலக் குழலில் அடிக்கு மூன்றில் ஒரு அவுன்ஸ் பியர் நிற்கும். 30 அடி ஓடினால் 10 அவுன்ஸ். கடை திறந்ததும் முதலில் குடுவைக்குள் விழுவது ராத்திரி முழுக்கக் குழலில் கிடந்த அந்தப் பத்து அவுன்ஸ்தான். பொறுப்பான ஊழியர் அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டுத்தான் பிடிப்பார். அது நிச்சயமில்லை என்றால், திறந்து ஒரு மணி நேரம் கழித்துப் போவது நல்லது. குழல்களை 14 நாளுக்கு ஒருமுறை ரசாயனம் விட்டுக் கழுவ வேண்டும் என்பது அமெரிக்க பியர் தொழிலில் ஏற்றுக்கொண்ட நியதி. கழுவிய மறுநாள் வாங்குபவர் கொடுத்துவைத்தவர்.

ஆள் கணக்கு

அமெரிக்காவில் 14 கிராம் சுத்த ஆல்கஹாலை ஒரு அளவு மது என்று கணக்கிடுகிறார்கள். ஒரு கிரவுலரில்:

- 5% பேல் ஏல்: 5.3 அளவு
- 7% ஐ.பி.ஏ.: 7.5 அளவு
- 10% இம்பீரியல் ஸ்டௌட்: 10.7 அளவு

2020–2025 காலத்துக்கான அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி, குடிப்பதானால் ஆண்கள் நாளைக்கு 2, பெண்கள் 1 என்பதற்குள் நிறுத்தச் சொன்னது. ஒரு தம்பதிக்கு 3. அவர்கள் 7% கிரவுலரைத் திறந்தால் முடிக்க இரண்டரை நாள் வேண்டும். பியரோ ஒரு நாள்தான் தரும். மீதியைக் கொட்டினால் காசு நஷ்டம். வீணாகிறதே என்று குடித்துத் தீர்த்தால் உடம்புக்கு நஷ்டம். இரண்டு தம்பதிகளுக்கு ஆறு அளவு. 5% கிரவுலர் ஒரே மாலையில் சரியாகத் தீர்ந்துவிடும்.

எப்போது வாங்கலாம்

- டின்னில் வராத பியர், நான்கு பேர், அன்றைக்கே குடிப்பது: கிரவுலர்
- டின்னில் வராத பியர், இரண்டு பேர்: பெரிய டின்
- டின்னிலும் வரும் பியர், தள்ளுபடி நாள், விருந்து உண்டு: கிரவுலர்
- டின்னிலும் வரும் பியர், விருந்து இல்லை: நான்கு டின் கட்டு, அடியில் தேதி பார்த்து
- 10% ஸ்டௌட்: கடையிலேயே ஒரு சின்னக் கிளாஸ்

செப்டம்பரிலும் அக்டோபர் தொடக்கத்திலும் மட்டும் இந்த அட்டவணையைச் சற்றுத் தளர்த்தலாம். ஓரிகனின் வில்லமெட் பள்ளத்தாக்கில் ஹாப்ஸ் அறுவடை முடிகிற நேரம் அது. பறித்த பூவை உலர்த்தாமல், ஒரு நாளுக்குள் கொதிகலனில் போட்டுக் காய்ச்சும் பியர் அப்போது வரும். பச்சைப் பூவில் எண்பது சதவீதம் தண்ணீர் என்பதால், உலர்ந்த பூவைவிடப் பல மடங்கு போட்டாக வேண்டும். அந்த மணம் சில வாரத்தில் மங்கிவிடும். அந்தப் பியர்களில் பல குழாயில் மட்டுமே கிடைக்கும். 18 டாலர் கேட்டாலும் அதற்குக் கொடுக்கலாம். ஆனால் குடுவையைக் கையில் எடுக்கும் முன் நண்பர்களைக் கூப்பிட்டு, இன்றைக்கு யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று பேருக்குக் குறைவாக வந்தால் பெரிய டின் போதும்.